ஊற்றை அளப்பது யார்? மலையகமும் கண்காணிப்புக் கிணறுகளும்

இலங்கை மலையகத்தில் தோட்டத்துப் பாதையில் துளை போடும் மெஷின் ஏறினால், அது வந்து நிற்பதற்கு முன்பே செய்தி தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு வந்துவிடும். "தண்ணி மட்டம் பார்க்கிறாங்களாம்" என்பார் ஒருவர். "தண்ணி பார்க்க எதுக்கு இவ்வளவு பெரிய மெஷின்? கீழே என்ன கல்லு இருக்குன்னு பார்க்கிறாங்க" என்பார் இன்னொருவர். மூன்றாவது ஆள் கேட்பதுதான் எல்லோர் மனதிலும் இருப்பது: "இந்த ஓட்டை வழியா நம்ம பீலித் தண்ணி உள்ளே போயிடாதா?" பீலி என்பது ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய் வாய்.

இந்த மூன்று பேச்சுக்கும் அதிகாரிகளிடமிருந்து வழக்கமாகக் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: பயப்பட ஒன்றுமில்லை. அது பதிலே அல்ல.

நிலத்தடி நீர்க் கண்காணிப்புக் கிணறு சுரங்கம் அல்ல, குடிநீர்க் கிணறும் அல்ல. மண்ணுக்கும் பாறைக்கும் அடியில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, அதில் என்ன கரைந்திருக்கிறது என்று பார்க்க இறக்கும் ஒடுங்கிய குழாய், அவ்வளவுதான். ஆனால் சும்மா கிடக்கிற மலையில் காசு செலவழித்து யாரும் அதைப் போடமாட்டார்கள். அகழ்வோ, கல்லுடைப்போ, சுரங்கப்பாதையோ யாருடைய திட்டத்திலோ இருப்பதால்தான் பல இடங்களில் அது வருகிறது. ஆகவே சனங்களின் சந்தேகத்தில் உண்மை உண்டு. அதே நேரம், கிணறு போடாமலே அகழ்வு தொடங்கினால் அதைவிட மோசம். கிணறு வேண்டாம் என்று மெஷினை மறிப்பவர்கள், பிற்பாடு தங்களுக்குத் தேவைப்படப்போகிற சாட்சியையே துரத்திவிடக்கூடும்.

மலைநாட்டில் தோண்டப்படுவது என்ன? எல்லோரும் அறிந்தது மாணிக்கக்கல். இரத்தினபுரி, பலாங்கொடை பக்கம் மட்டுமல்ல, பொகவந்தலாவையில் கெசல்கமு ஓயா என்ற ஆற்றை ஒட்டியும் அகழ்வு நடக்கிறது. சட்டவிரோத அகழ்வு என்று கைதுச் செய்திகள் அடிக்கடி வரும் இடம் அது. அந்த ஓயா போய்ச் சேர்வது காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு. மாத்தளை, திகன பக்கம் டொலமைட்டும் சுண்ணாம்புக் கல்லும். கேகாலை மாவட்டத்தில் போகல காரீயச் சுரங்கம், அதாவது கிராபைட் சுரங்கம், நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழம். இவை தவிர, வீதி போடவும் வீடு கட்டவும் கருங்கல் உடைக்கும் குவாரிகள் எல்லா மாவட்டத்திலும்.

இவற்றுக்கெல்லாம் அனுமதி கொடுப்பது ஒரே அலுவலகம் அல்ல. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருட்கள் சட்டத்தின்படி காரீயம், டொலமைட், கருங்கல் போன்றவை புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் கையில். மாணிக்கக்கல் அதற்குள் வராது. அது தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபையின் பொறுப்பு. நிலத்தடி நீரை ஆராய்வது 1964ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான நீர்வளச் சபை. குடிநீர் வழங்குவது தேசிய நீர் வழங்கல், வடிகாலமைப்புச் சபை. மண்சரிவு என்றால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். சுற்றாடல் அனுமதி என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபை. ஓர் ஊற்று வற்றினால் இத்தனை கதவில் எதைத் தட்டுவது என்று லயத்தில் இருப்பவருக்கு யாரும் சொல்லித்தருவதில்லை. அனேகமாக அவர் கிராம உத்தியோகத்தரிடம் போவார். அவர் பிரதேச செயலகத்தைக் காட்டுவார்.

இனி அந்தக் குழாயைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஒழுங்காகப் போட்ட கண்காணிப்புக் கிணற்றில் வெளியே தெரிவது முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய், பூட்டுப் போட்ட மூடி, சுற்றிவர ஒரு சீமெந்துத் திட்டு. உள்ளே இரண்டு அங்குல பிவிசி குழாய். அதன் அடிப்பகுதியில் மட்டும் மெல்லிய கீறல்கள். நீர் உள்ளே வருவது அந்த வழியாகத்தான். கீறல் உள்ள பகுதியைச் சுற்றிச் சுத்தமான சல்லி மணல். அதற்கு மேலே பெண்டோனைட் என்ற களி. நீர் பட்டால் ஊதிப் பெருத்து இடைவெளியை அடைத்துவிடும் களி அது. அதற்கு மேலே தரைமட்டம் வரை சீமெந்துக் கலவை. அளக்க வருபவர் மூடியைத் திறந்து அளவு நாடா ஒன்றை இறக்குவார். நுனி நீரைத் தொட்டதும் மேலே பீப் சத்தம் வரும். குழாய் வாயிலிருந்து எத்தனை மீற்றர், எத்தனை சென்ரிமீற்றர் என்று எழுதிக்கொள்வார். நீர் மாதிரி எடுப்பதானால் குழாய்க்குள் தேங்கிக் கிடந்த பழைய நீரை, வழக்கமாகக் குழாயின் கொள்ளளவுபோல மூன்று மடங்கு, இறைத்துக் கொட்டிய பிறகே போத்தலில் பிடிக்கவேண்டும். மூடியைத் திறந்த கையோடு போத்தலை நிரப்பிக்கொண்டு போகிறவரைக் கண்டால் அந்த அறிக்கையை நம்பத் தேவையில்லை.

அந்தக் களியும் சீமெந்தும்தான் மூன்றாவது ஆளின் கேள்விக்கு விடை. ஓட்டை வழியாகப் பீலித் தண்ணீர் உள்ளே போகுமா? போகலாம். மலைச்சரிவில் மேல்மண்ணுக்கும் உக்கிய பாறைக்கும் இடையே பல இடங்களில் களிப் படை இருக்கும். மழைநீர் அந்தக் களிமேல் தங்கி, சரிவு வழியே நகர்ந்து, எங்கோ ஒரு மடிப்பில் ஊற்றாக வெளியே வருகிறது. துளை அந்தக் களியைக் குத்திக்கொண்டு கீழே போய், சுற்றி அடைக்காமல் விடப்பட்டால், மேலே தங்கிய நீர் துளையோரமாக இறங்கி ஆழத்துப் பாறை வெடிப்புகளுக்குள் போய்விடும். ஒரே ஒரு ஒடுங்கிய துளை பெரிய ஊற்றை வற்றவைக்காது. ஆனால் கனிமம் தேடி அருகருகே பல துளைகள் போட்டு, மாதிரியை எடுத்துக்கொண்டு வாயை மண்ணால் மூடிவிட்டுப் போவது வேறு கதை. உண்மையில் அஞ்சவேண்டியது பூட்டுப் போட்ட கண்காணிப்புக் கிணற்றை அல்ல, பெயரில்லாமல் விட்டுப்போன அந்த ஆய்வுத் துளைகளை. மெஷின் வந்தால் கேட்கவேண்டிய முதல் கேள்வி "எதற்கு?" அல்ல. "வேலை முடிந்ததும் எதைக்கொண்டு அடைப்பீர்கள், அதை யார் வந்து பார்ப்பார்கள்?"

உமா ஓயா சொல்லித்தந்தது

நிலத்துக்கடியில் ஒரு வெற்றிடத்தைத் தோண்டினால் மலைக்கு என்ன ஆகும் என்பதற்கு மலைநாடு வெளிநாட்டு உதாரணம் தேடவேண்டியதில்லை. பண்டாரவளையைக் கேட்டால் போதும்.

உமா ஓயா பல்நோக்குத் திட்டம் சுரங்கம் அல்ல; புகுல்பொல, டயரபா அணைகளில் சேரும் நீரைச் சுமார் 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கப்பாதை வழியாகக் கொண்டுபோய், வெல்லவாய பக்கம் நிலத்தடி மின்நிலையத்தில் 120 மெகாவோட் மின்சாரம் எடுத்து, கிரிந்தி ஓயாவுக்கு அனுப்புவது அதன் நோக்கம். ஆனால் நீரின் கண்ணுக்குச் சுரங்கப்பாதையும் சுரங்கமும் ஒன்றுதான். இரண்டும் அழுத்தம் குறைந்த இடம். சுற்றியிருக்கும் நீர் அதை நோக்கி ஓடும். 2014 டிசம்பரில் துளைத்துக்கொண்டிருந்த இயந்திரம் நீர் நிறைந்த பாறை வெடிப்பு ஒன்றைத் தொட்டது. சுரங்கப்பாதைக்குள் நீர் பீறிட்டது. மேலே பண்டாரவளையைச் சுற்றிய ஊர்களில் கிணறுகள் இறங்கின, ஊற்றுகள் நின்றன, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. 2017இலும் மறுபடி நீர்க்கசிவு. அந்த ஆண்டு ஜூனில் பண்டாரவளை நகரம் கடையடைத்து வீதிக்கு இறங்கியது. பவுசரில் தண்ணீர் வந்தது, தாங்கிகள் வந்தன, நட்டஈட்டுப் பேச்சு வந்தது. எல்லாம் முடிந்து திட்டம் திறந்துவைக்கப்பட்டது 2024 ஏப்ரல் 24 அன்று.

இதில் கவனிக்கவேண்டிய சில விடயங்கள் உண்டு. ஒன்று, சுவர் வெடிப்பு. தண்ணீர் போனால் கிணறு வற்றும் என்பது யாருக்கும் புரியும். வீடு ஏன் வெடிக்கவேண்டும்? மண் துகள்களுக்கிடையே நிற்கும் நீரும் மேலே உள்ள பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகிறது. நீர் வெளியேறினால் மண் அமுங்கும், இடத்துக்கிடம் வேறு வேறு அளவில். அந்த ஏற்றத்தாழ்வில்தான் சுவர் பிளக்கிறது.

அடுத்தது மாதம். தண்ணீர் குறைந்தால் முதலில் வரும் விளக்கம் வரட்சி. ஆனால் பண்டாரவளை இருக்கும் ஊவாவுக்கு டிசம்பர் மழைமாதம். அங்கே ஊற்று ஒடுங்குவது ஆகஸ்ட், செப்டெம்பரில். ஹற்றன், மஸ்கெலியா பக்கம் இதற்கு நேர்மாறு: தென்மேல் பருவமழையில் நனைந்து, பெப்ரவரி, மார்ச்சில் காயும். மலையின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு நாட்காட்டி. மூன்று மாதம் அளந்துவிட்டு "ஆரம்ப நிலை இதுதான்" என்று எழுதும் அறிக்கை எந்தப் பக்கத்துக்கும் உதவாது. இரண்டு பருவமழையையும் இடையிலுள்ள காய்ந்த மாதங்களையும் தாண்டிய, ஆகக்குறைந்தது ஒரு முழு வருடப் பதிவு வேண்டும். அதுவும் முதல் வெடி வைக்கும் முன்.

இன்னொன்று, வற்றல் எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. நமது மலைகள் கடினப் பாறை. மணற்பாங்கான நிலத்தில் ஓரிடத்தில் இறைத்தால் சுற்றிவர மட்டம் சீராக இறங்கும். இங்கே நீர் போவது உக்கிய மேற்படையிலும் அதன் கீழுள்ள வெடிப்புகளிலும். வெடிப்பு போகும் திசையில் வெகுதூரத்துக் கிணறும் வற்றும். பக்கத்து வீட்டுக் கிணறு நிரம்பியே நிற்கும். நிரம்பிய கிணற்றைக் காட்டி வற்றிய கிணற்றுக்காரரைப் பொய்யராக்குவது மிகச் சுலபம். அகழ்வு எல்லையின் நாலு மூலையில் நாலு குழாய் நட்டுவிட்டுக் கண்காணிப்பு என்று சொல்வது அதனால்தான் போதாது. வெடிப்புகள் எப்படி ஓடுகின்றன என்று முதலில் பார்த்து, அந்த ஓட்டத்தின் மேலும் கீழும் கிணறு போடவேண்டும். மாத்தளை, திகன பக்கத்துச் சுண்ணாம்புப் பாறையில் இன்னும் கவனம் தேவை. அந்தக் கல் நீரில் கரைந்து உள்ளே பொந்துகள் விடும். அப்படியான இடத்தில் நீர் விரைவாகப் போகும், அழுக்கும் கூடவே போகும்.

மாணிக்கக் குழிகளின் சங்கதி இதைவிடச் சின்னது, ஆனால் எண்ணிக்கையில் பெரியது. கல் கிடைக்கும் சரளைப் படையான இல்லம கிடப்பது பெரும்பாலும் ஆற்றோரத் தாழ்நிலத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே. மோட்டர் போட்டு இரவும் பகலும் இறைத்தால்தான் குழிக்குள் ஆள் நிற்கலாம். வினாடிக்கு 5 லீட்டர் இறைக்கும் ஒரு மோட்டர் நாளொன்றுக்கு 4,32,000 லீட்டரை வெளியே கொட்டும். அப்படி வரிசையாகப் பத்துக் குழி இருந்தால் ஓரத்துக் கிணறுகள் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பார்க்கலாம். குழியை மூடுவதற்கென்று அதிகாரசபை பிணைப்பணம் வாங்குகிறது. குழி ஓடும் காலத்தில் பக்கத்துக் கிணற்றின் மட்டத்தை யாராவது அளக்கிறார்களா என்றால், நான் கண்டவரையில் அதைப் பற்றி ஊரில் பேச்சே இல்லை. சட்டவிரோதக் குழியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை.

பீலியையும் அளக்கவேண்டும்

கண்காணிப்புத் திட்டங்களில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது இதுதான். கிணறு என்பது தட்டைநிலத்துக்காரரின் நினைப்பு. யாழ்ப்பாணத்தான் கிணற்றில் குடிக்கிறான். மலையகத்தான் பெரும்பாலும் ஊற்றில் குடிக்கிறான். லயத்துக்கு மேலே, தேயிலை மலைக்கும் மேலே, காட்டோரத்தில் ஒரு ஊற்றுக்கண். அங்கே ஒரு சின்னத் தொட்டி, அதிலிருந்து கறுப்புக் குழாய், குழாய் முடிவில் பீலி. மின்சாரமும் வேண்டாம், மோட்டரும் வேண்டாம். உயரம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. அதனால் நீர்மட்டம் ஓரிரு மீற்றர் இறங்கினாலும் கிணற்றுக்காரர் கயிற்றை நீட்டிக்கொள்ளலாம். ஊற்றுக்காரருக்குக் குழாய் காய்ந்துவிடும். கண்காணிப்புக் கிணற்றில் 14.20 மீற்றர் 15.10 ஆனால் அறிக்கையில் "சிறிய மாற்றம்" என்று எழுதப்படும். அதே 90 சென்ரிமீற்றர் ஒரு முழு லயத்துக்குக் குடிநீரே இல்லை என்றாக்கிவிடும்.

ஆகவே கிணற்றோடு ஊற்றின் ஓட்டத்தையும் அளக்கவேண்டும். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. 20 லீட்டர் வாளி ஒன்று, நேரம் பார்க்க ஒரு கைபேசி. வாளி 40 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு அரை லீட்டர், நாளுக்கு 43,200 லீட்டர். 80 வினாடி எடுத்தால் அதில் பாதி. கிழமைக்கு ஒருமுறை ஒரே நேரத்தில், தொட்டிக்குள் விழும் வாயில் பிடித்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதவேண்டும். பீலியில் பிடித்தால், இடையில் யாராவது குழாயைத் திருப்பியிருந்தால் கணக்குப் பிழைத்துவிடும். மூன்று முறை பிடித்து நடுக்கணக்கை எடுப்பது நல்லது. பெண்கள்தான் தண்ணீர் பிடிக்கிறார்கள். ஊற்று எந்த மாதம் எப்படி ஓடும் என்று அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் விசாரணையில் மனப்பாடம் ஏறாது, எழுதிய கொப்பிதான் ஏறும்.

அந்தக் கொப்பிக்குத் துணையாக மலையகத்தில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது: தோட்டத்து மழைப் புத்தகம். தோட்டங்களில் மழைமானி வைத்து நாளாந்த மழையைக் குறித்துவைப்பது வெள்ளைக்காரத் துரை காலத்துப் பழக்கம். ஊற்றுக் கணக்கையும் மழைக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், மழை குறைந்ததால் ஊற்று குறைந்ததா, மழை பெய்தும் குறைந்ததா என்பது தெளிவாகத் தெரியும். வரட்சி என்ற விளக்கத்துக்கு இதைவிட நல்ல உரைகல் கிடையாது.

நீரின் தரத்திலும் இதே சிக்கல் உண்டு. பாறை வெடிக்க வைக்கும் மருந்தில் அமோனியம் நைத்திரேற்று இருக்கிறது. வெடிக்காமல் மிஞ்சியது மழையில் கரைந்து நைத்திரேற்றாக நீரில் சேரும். ஆனால் நுவரெலியா, வெலிமடை மரக்கறித் தோட்டங்களிலும் தேயிலையிலும் கொட்டும் உரத்திலிருந்தும் அதே நைத்திரேற்று வருகிறது. குவாரி வந்த பிறகு ஒரு போத்தலைக் கொண்டுபோய்ப் பரிசோதித்து நைத்திரேற்று கூட என்று காட்டினால், "அது உங்கள் உருளைக்கிழங்கு" என்பார்கள். மறுக்க முடியாது. காரீயச் சுரங்கத்தில் சல்பேற்று, இரும்பு. பாறையைப் பொறுத்து புளோரைட்டு. இவற்றில் சில இயற்கையாகவே கொஞ்சம் இருக்கும். இலங்கைக் குடிநீர்த் தரம் எஸ்எல்எஸ் 614 நைத்திரேற்றுக்கு லீட்டருக்கு 50 மில்லிகிராம், புளோரைட்டுக்கு 1 மில்லிகிராம் என எல்லை போட்டிருக்கிறது. எல்லைக்குள் இருக்கிறதா என்பதோடு, முன்பு எவ்வளவு இருந்தது என்பதும் தெரியவேண்டும். நைத்திரேற்று 5 இருந்த இடத்தில் 40 ஆனால் சட்டப்படி அது நல்ல தண்ணீர்தான்.

எண்கள் யாருடைய மேசையில்?

கண்காணிப்புக் கிணற்றுக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் அகழப்போகிறவர். அளக்க ஆள் பிடிப்பதும் அவரே. இதில் மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது. உலகம் முழுக்க இப்படித்தான். ஆனால் எண்கள் அவருடைய மேசைக்கும் அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கும் இடையிலேயே நின்றுவிட்டால், தண்ணீர் குடிப்பவருக்கு அந்தக் கிணறு இருந்தும் இல்லாததுதான்.

பொதுமக்கள் நுழையக்கூடிய கதவு தேசிய சுற்றாடல் சட்டத்தில் இருக்கிறது. 25 மீற்றருக்கு மேல் ஆழம் போகும் அகழ்வு, 10 ஹெக்டேயருக்கு மேல் பரவும் மேற்பரப்பு அகழ்வு போன்றவை அனுமதிக்கு முன் சுற்றாடல் ஆய்வைத் தாண்டவேண்டும். முழு மதிப்பீட்டு அறிக்கை என்றால் வர்த்தமானியிலும் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்து, கருத்துச் சொல்ல 30 நாள் விடவேண்டும். "ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை" என்ற சிறிய வழியில் போனால் அந்த 30 நாள் கிடையாது. அளவை எல்லைக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொண்டால் இரண்டுமே தேவையில்லாமல் போகலாம். அருகருகே பல சின்ன அகழ்வுகளாகப் பிரித்து விண்ணப்பித்தால் அவற்றின் மொத்தப் பாதிப்பை யாரும் கூட்டிப் பார்க்காத நிலை வரும். தமிழ்ப் பத்திரிகையில் வரும் விளம்பரத்தை வேலைக்குப் போகும் கொழுந்துக்காரர் எப்போது பார்ப்பார் என்பது வேறு. அறிக்கையின் நீரியல் அத்தியாயம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

இன்னொரு கதவு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். அகழ்வுக்காரர் அரசு அலுவலகத்துக்குக் கொடுத்த நீர்மட்டப் பதிவுகளை, எந்தக் காரணமும் சொல்லாமல், தமிழிலேயே எழுதிக் கேட்கலாம். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் தெரிவிக்கவேண்டும்; மறுத்தால் மேன்முறையீடு உண்டு, ஆணைக்குழு உண்டு. கேட்கும்போது "அறிக்கை தாருங்கள்" என்று பொதுவாக எழுதினால் பளபளப்பான சுருக்கம் ஒன்று வரும். ஒவ்வொரு கிணற்றின் இடம், ஆழம், கீறல் தொடங்கும் ஆழம், அளந்த திகதி, அளந்த மட்டம் என்று பெயர் சொல்லிக் கேட்கவேண்டும்.

தோட்டத்து ஆளுக்கு இதற்குமேல் ஒரு சுவர் இருக்கிறது. நிலம் அரசுக்கு, 1992 முதல் குத்தகை பெருந்தோட்டக் கம்பனிகளுக்கு, தலைமுறையாக அங்கே குடியிருப்பவருக்குப் பெரும்பாலும் காணி உறுதிப் பத்திரம் இல்லை. துளை போட அனுமதி கேட்கப்படுவது தோட்ட நிர்வாகத்திடம். ஊற்று வற்றினால் நட்டஈடு என்று வந்தால், நிலத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதுதான் முதல் கேள்வி. பண்டாரவளைப் பக்கத்தில் வீட்டுக்கு உறுதி வைத்திருந்தவர்களே அலைந்தார்கள் என்றால், லயக்காரர் எந்த வரிசையில் நிற்பார்? தண்ணீரைப் பயன்படுத்துபவர் என்ற தகுதியிலேயே உரிமை கோர வழி வேண்டும். அகழ்வு அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனையாகவே இதைச் சேர்க்கலாம்: இன்ன ஊற்றைக் குடிக்கும் இத்தனை குடும்பம், ஓட்டம் இந்த அளவுக்குக் கீழே இறங்கினால் இறைப்பது நிற்கும், மாற்றுத் தண்ணீர் இத்தனை நாளில். எண் போட்ட நிபந்தனைதான் நிபந்தனை. "தேவையான நடவடிக்கை எடுக்கப்படும்" என்ற வசனம் எந்தக் குழாயிலும் தண்ணீர் கொண்டுவந்ததில்லை.

அளவு இருந்தாலும் போதாது என்பதற்குக் கொஸ்லந்தை மீரியபெத்தை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 காலையில் அந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அது ஆபத்தான இடம் என்று பல ஆண்டு முன்பே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. தெரியாததால் அல்ல, தெரிந்தது செயலாக மாறாததால் போன உயிர்கள். சரிவுகளில் நிலத்தடி நீர் இறங்குவது மட்டுமல்ல, ஏறுவதும் ஆபத்து என்பதால், அகழ்வு மண்ணைக் கொட்டி வடிகானை மறித்துவிட்டால் அதே கண்காணிப்புக் கிணறு மண்சரிவுக்கும் முன்னறிவிப்பாகலாம். மட்டம் இந்தக் கோட்டைத் தாண்டினால் லயத்தைக் காலி செய்வது யார், எங்கே போவது என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தால் மட்டும்.

கடைசியாக, பலரும் கேட்க மறப்பது: அகழ்வு முடிந்த பிறகு? இறைப்பது நின்றதும் குழி நிரம்பத் தொடங்கும். வருடக் கணக்கில் காற்றுப்பட்ட பாறையைக் கழுவிக்கொண்டு நீர் ஏறும். காரீயத்தோடு கிடக்கும் பைரைற்று போன்ற கந்தகக் கற்கள் காற்றும் நீரும் பட்டால் அமிலம் விடும். தரம் கெடுவது பெரும்பாலும் அப்போதுதான். அளக்க வந்தவர் போயிருப்பதும் அப்போதுதான். மூடிய பின்னும் சில ஆண்டுகள் அளப்பதற்கான பணத்தை அகழ்வு தொடங்கும்போதே பிணையாக வாங்கிவைக்கவேண்டும். அளந்து முடிந்ததும் ஒவ்வொரு குழாயையும் அடியிலிருந்து சீமெந்து விட்டு நிரப்பி, அடைத்த இடத்தின் வரைபடத்தைப் பிரதேச செயலகத்தில் கொடுக்கவேண்டும். இரும்புக்காக யாரோ மூடியைக் கழற்றிப் பழைய சாமான்காரருக்கு விற்ற பிறகு, அந்தக் குழாய் வாயில் விழுகிற ஆட்டெருவும் களைநாசினிப் போத்தலும் நேராகப் போவது ஊற்றுக்குத்தான்.